ஏழு கன்னியர் மலையில் நம் விருந்தாளிகள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். இரண்டு மூன்று நாளாக எழுதி எழுதி அழித்து, கடைசியில் எப்படியாவது போட்டுவிட வேண்டும் என்று போடுகிறேன்.

விஷயம் தொடங்கியது வகுப்பறையில். எட்டாம் ஆண்டுக்கு வரலாறு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒல்லாந்தர் காலம். பின்வரிசையில் இருந்து ஒரு பிள்ளை கையை உயர்த்தி, "சேர், நோர்ட்டன்பிரிட்ஜ்ல பிளேன் டயர் ஒன்னு இருக்காமே, அது யார்ட பிளேன்?" என்று கேட்டான். அவனுடைய வாப்பா லொறி ஓட்டுகிறவர். அந்தப் பக்கம் போய்வந்து சொல்லியிருக்கிறார்.

"அது ஏதோ பழைய விபத்து மகன், இப்போ பாடத்தைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. ஆசிரியர் கலாசாலையில் ஒல்லாந்தரின் கறுவா வியாபாரத்தைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்தவன் நான். நம்ம ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒரு மலையில் என்ன நடந்தது என்று தெரியவில்லை. அன்று இரவே தேடிப் பார்த்தேன். வாசிக்க வாசிக்க உள்ளம் கனத்துவிட்டது. அந்த விமானத்தில் இருந்தவர்கள் ஹஜ்ஜுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்.

அதனால் டிசம்பர் விடுமுறையில் கூட்டாளிமார் மூன்று பேரோடு அந்த மலைக்குப் போனேன். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

*பாதை*

நாவலப்பிட்டியிலிருந்து கினிகத்தேனை போய், அங்கிருந்து நோர்ட்டன்பிரிட்ஜ் வழியாக மஸ்கெலியாவுக்கு ஒரு பாதை ஏறுகிறது. ஹற்றன், நோர்வூட் வழியாகப் போகிறவர்களுக்கு இந்தப் பாதை அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அழகு என்றால் இதுதான் அழகு. ஒரு பக்கம் பள்ளத்தாக்கு, மறுபக்கம் மலைச்சுவர், வளைவுக்கு வளைவு ஒரு நீர்வீழ்ச்சியோ தேயிலைச் சரிவோ வந்து நிற்கும்.

இந்தப் பள்ளத்தாக்குதான் நம் நாட்டு நீர்மின்சாரத்தின் பிறப்பிடம். பொறியியலாளர் டீ. ஜே. விமலசுரேந்திர 1918 இலேயே இந்த ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். வெள்ளைக்காரன் காலத்தில் அது இழுபட்டு இழுபட்டு, லக்ஷபான மின்நிலையம் 1950 இல்தான் ஓடத் தொடங்கியது. காசல்ரீ அணை 1965, மவுசாகலை அணை 1969. மவுசாகலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சி வந்து நீர்மட்டம் இறங்கினால், மூழ்கிய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றிலிருந்து எழுந்து நிற்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள்.

இந்தப் பாதையில் போகும்போது தலைக்கு மேலே வரிசையாகச் சிகரங்கள் தெரியும். அதுதான் ஏழு கன்னியர் மலை. சிங்களத்தில் சப்த கன்யா என்பார்கள். எத்தனையோ தடவை இந்தப் பாதையால் போயிருக்கிறேன். கலியாணத்துக்கு, மையத்துக்கு, சுற்றுலாவுக்கு. ஒரு தடவைகூட அந்த மலையை நிமிர்ந்து பார்த்து "இங்கே என்ன நடந்தது" என்று கேட்டதில்லை.

*ஏற்றம்*

சுபஹ் தொழுதுவிட்டு வெளிக்கிட்டோம். தோட்டப் பாதை முடியும் இடத்தில் வாகனத்தை நிறுத்திவிட்டு, லயத்து ஆட்களிடம் வழி கேட்டு நடந்தோம். முதலில் தேயிலைக் காணுக்குள்ளால் ஏற்றம். பிறகு மானாப்புல். அதற்குப் பிறகு காடு. மலையேற்றம் பழகியவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. என்னைப் போல வகுப்பறையில் நின்றே பழகியவனுக்கு முழங்கால் பேசத் தொடங்கிவிடும்.

அட்டை சொல்லி வேலையில்லை. கூட்டாளி ஒருவர் சவர்க்காரம் பூசிக்கொண்டு வந்தார், இன்னொருவர் தேசிக்காய் கொண்டுவந்தார். அந்தத் தேசிக்காயைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. 1344 இல் பாவா ஆதம் மலைக்கு ஏறிய இப்னு பதூதா, இந்த நாட்டு அட்டையைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆட்கள் தேசிக்காயைத் தயாராக வைத்திருந்து, அட்டை ஏறியவுடன் அதன்மேல் பிழிவார்கள் என்கிறார். கிட்டத்தட்ட எழுநூறு வருடமாகியும் அதே அட்டை, அதே மருந்து.

பாதி மலையில் புகார் இறங்கிவிட்டது. பத்தடி முன்னால் போகிறவரின் முதுகு தெரியவில்லை. நால்வரும் ஒரு பாறையில் குந்திக்கொண்டோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பட்டப்பகலில், காலுக்குக் கீழே மண் இருக்கும்போதே எங்கே நிற்கிறோம் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அந்த இரவில், அந்த வேகத்தில் வந்தவர்களுக்கு?

*அந்த இரவு*

1974 டிசம்பர் 4, புதன்கிழமை. ஹிஜ்ரி 1394, துல்கஃதா மாதத்தின் பிற்பகுதி. அரஃபா நாளுக்கு மூன்று வாரத்துக்கும் குறைவான நாட்களே இருந்தன.

இந்தோனேசியாவின் சுரபாயா நகரத்திலிருந்து ஜித்தாவுக்கு ஒரு டீசி-8 விமானம் புறப்பட்டது. நெதர்லாந்தின் மார்ட்டின் எயார் நிறுவனத்தின் விமானம். ஹஜ் பயணத்துக்காக இந்தோனேசியாவின் கருடா நிறுவனம் அதை வாடகைக்கு எடுத்திருந்தது. ஹஜ் பயணிகள் 182 பேர், விமான ஊழியர்கள் 9 பேர். எரிபொருள் நிரப்புவதற்காகக் கட்டுநாயக்கவில் இறங்க வேண்டும்.

இரவு பத்து மணிக்குப் பிறகு கட்டுநாயக்கக் கட்டுப்பாட்டு நிலையத்தோடு பேசினார்கள். முதலில் 5,000 அடிக்கும், பிறகு 2,000 அடிக்கும் இறங்க அனுமதி கிடைத்தது. விமானம் ஏழு கன்னியர் மலையில், ஏறக்குறைய 4,350 அடி உயரத்தில் மோதியது. மோதியது வரிசையில் ஐந்தாவது சிகரம் என்று ஊரில் சொல்வார்கள். 191 பேரில் ஒருவரும் தப்பவில்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இலங்கை மண்ணில் நடந்த விமான விபத்துகளில் இன்றுவரை இதுதான் மிகப் பெரியது.

அந்த இடத்திலிருந்து கட்டுநாயக்க ஏறக்குறைய 75 கிலோமீற்றர். விமானத்துக்குப் பத்து நிமிடத் தூரம். பத்து நிமிடம் தாண்டியிருந்தால் விளக்கு எரியும் ஓடுபாதை. ஊசி, நூல், கொஞ்சம் அரிசி, காய்ந்த மீன் என்று பெட்டி கட்டி, ஊரெல்லாம் ஹலால் கேட்டு விடைபெற்று வரும் நம்ம ஊர் ஹாஜிமாரை நினைத்துப் பாருங்கள். அவர்களும் அப்படித்தானே வந்திருப்பார்கள். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த காசு, ஒரே ஒரு பயணம்.

*ஏன் நடந்தது?*

இதை என் மாணவர்களுக்காக விளக்கமாக எழுதுகிறேன். அந்தக் காலத்தில் இப்போதுள்ள மாதிரி செய்மதி வழிகாட்டி இல்லை. கடலின் மேல் மணிக்கணக்காகப் பறக்கும்போது விமானி தன் இடத்தை அறிய டொப்ளர் என்ற கருவியைப் பயன்படுத்துவார். விமானத்திலிருந்து கீழே அலைகளை அனுப்பி, திரும்பிவரும் அலையை வைத்து, தரையோடு ஒப்பிட்டால் எவ்வளவு வேகத்தில் போகிறோம், காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று கணக்கிடும். அந்த வேகத்தை நேரத்தால் பெருக்கிப் பெருக்கித்தான் "இப்போது இங்கே இருக்கிறோம்" என்று சொல்லும். சின்னப் பிழை இருந்தாலும் அது தூரத்தோடு சேர்ந்து வளரும். இதோடு மழை முகிலைப் பார்க்க வைத்திருக்கும் வானிலை ராடாரில் தெரியும் உருவங்களைப் பார்த்தும் இடத்தை ஊகிப்பார்கள்.

இந்த இரண்டையும் நம்பி, தாங்கள் இருக்கும் இடத்தைப் பிழையாக எடுத்துக்கொண்டு, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள் என்பதுதான் விசாரணையின் முடிவு. மலைகளைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்தார்கள். மலைகள் முன்னால்தான் இருந்தன.

இன்னொரு விஷயம். இதற்குச் சரியாக மூன்று நாட்களுக்கு முன்பு, டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவின் வேர்ஜினியாவிலும் ஒரு பயணிகள் விமானம் இதே மாதிரி இறங்கும்போது மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அந்த மாதமே அமெரிக்க அரசு, பெரிய பயணிகள் விமானங்களில் நிலம் நெருங்கினால் எச்சரிக்கும் கருவியைக் கட்டாயமாக்கியது. பிறகு மற்ற நாடுகளுக்கும் அது பரவியது. இன்று நம் ஹாஜிமார் நிம்மதியாக ஏறி அமரும் விமானத்தில் அந்தக் கருவி இருக்கிறது. ஏழு கன்னியர் மலையில் போனவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

*ஏன் இலங்கை வழியாக?*

இங்கேதான் வரலாற்று ஆசிரியனாக எனக்குப் பெரிய பாடம் இருந்தது. இந்தோனேசியாவின் ஹஜ் பயணிகள் இலங்கையில் தரித்துப் போவது 1974 இல் தொடங்கிய வழக்கமில்லை. கப்பல் காலத்திலிருந்தே ஜாவா, சுமாத்ரா, சுலவேசி தீவுகளிலிருந்து மக்காவுக்குப் போகிறவர்களின் பாதையில் நம் தீவு ஒரு தங்குமிடம்.

மகாசர் நாட்டு ஷெய்க் யூசுபைப் பற்றி உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரிய ஆலிம். பான்டன் நாட்டில் ஒல்லாந்தரை எதிர்த்து நின்றவர். பிடித்து 1684 இல் இலங்கைக்கு நாடுகடத்தினார்கள். கடல் தாண்டி அனுப்பிவிட்டால் ஆள் மறக்கப்பட்டுவிடுவார் என்பது ஒல்லாந்தரின் எண்ணம். நடந்தது வேறு. அவர் இங்கே இருந்து கிதாபுகள் எழுதினார். ஹஜ்ஜுக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் அவர் நாட்டு மக்கள் இங்கே இறங்கி அவரைச் சந்தித்தார்கள். அவருடைய எழுத்துகளைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். நாடுகடத்தப்பட்ட மனிதரின் குரல் ஹாஜிமாரின் பெட்டிகளில் ஊர் போய்ச் சேர்ந்தது! இது ஆபத்து என்று கண்ட ஒல்லாந்தர் 1694 இல் அவரை இன்னும் தூரமாக, ஆபிரிக்காவின் தென்முனைக்கு அனுப்பினார்கள். 1699 இல் அங்கே வபாத்தானார். இன்று அவர் இந்தோனேசியாவின் தேசிய வீரர்.

பரீட்சைக்காக ஒல்லாந்தரின் ஆளுநர் பெயர்களைப் பாடமாக்கிய எனக்கு இந்தக் கதையை யாரும் சொல்லித்தரவில்லை. நானும் என் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவில்லை.

ஆக, அந்த 182 பேரும் இங்கு வழி தவறி வந்த அந்நியர்கள் இல்லை. முந்நூறு வருடமாக இந்த வழியால் போய்வந்த ஹாஜிமாரின் வரிசையில் வந்தவர்கள். கொழும்பிலும் ஹம்பாந்தோட்டையிலும் வாழும் நம் மலாய்ச் சகோதரர்களில் பலருடைய மூதாதையர் எந்தத் தீவுகளிலிருந்து வந்தார்களோ, அந்தத் தீவுகளின் ஆட்கள். நம் விருந்தாளிகள்.

*எதிரே நிற்கும் மலை*

புகார் கலைந்தபோது தெற்கே பார்த்தோம். மவுசாகலை நீருக்கு அப்பால் பாவா ஆதம் மலை நின்றது. நேர்க்கோட்டில் பதினைந்து கிலோமீற்றர்கூட வராது. சிங்களவர் ஸ்ரீ பாத என்கிறார்கள், தமிழர் சிவனொளிபாதமலை என்கிறார்கள். 2,243 மீற்றர் உயரம்.

அரபு மாலுமிகளின் குறிப்புகளில் கி.பி. 9 ஆம் நூற்றாண்டிலேயே சரந்தீபின் இந்த மலையும் ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பாதச்சுவடு பற்றிய நம்பிக்கையும் வருகின்றன. இப்னு பதூதா கடலில் வரும்போதே, நாட்கணக்கான தூரத்தில், இந்த மலையை வானத்தில் எழும் ஒரு புகைத்தூண் போலக் கண்டதாக எழுதுகிறார். புத்தளத்தில் இறங்கி, அங்கிருந்த ஆரியச்சக்கரவர்த்தியிடம் மலைக்குப் போக உதவி கேட்டார். அரசன் அவரோடு நான்கு யோகிகளையும், மூன்று பிராமணரையும், தன் ஆட்கள் பத்துப் பேரையும், சாப்பாடு சுமக்கப் பதினைந்து பேரையும் அனுப்பினான். ஒரு முஸ்லிம் பயணிக்கு இந்து அரசன் துணை அனுப்பிய வழி அது. மலைக்கு ஏற இரண்டு பாதைகள் இருந்தன என்கிறார். ஒன்று பாபா பாதை, மற்றது மாமா பாதை. அதாவது ஆதமின் பாதை, ஹவ்வாவின் பாதை. லேசான மாமா பாதையால் மட்டும் போய்வந்தவனை யாரும் போனவனாகக் கணக்கெடுக்க மாட்டார்களாம். ஏறினால் பாபா பாதையால் ஏற வேண்டும், சங்கிலி பிடித்து.

மலையில் இருப்பது யாருடைய பாதம் என்ற விவாதத்துக்கு நான் இங்கே வரவில்லை. அதற்காகக் கருத்துப் பகுதியில் சண்டை வேண்டாம். நான் சொல்ல வந்தது வேறு. ஆயிரம் வருடத்துக்கு மேலாகக் கடலில் வந்தவனுக்கு "இதோ கரை" என்று காட்டிக்கொடுத்தது இந்த மலைத்தொடர். கப்பல்காரன் இதைத் தேடிப் பார்த்துத் தன் இடத்தை அறிந்தான். 1974 டிசம்பர் 4 இரவு, அதே மலைத்தொடர் இருட்டுக்குள் நின்றது. வழிகாட்டியாக இருந்த மலை கண்ணுக்குத் தெரியாமல் போனதுதான் அந்த விபத்தின் மொத்தக் கதையும்.

*தோட்டத்து மனிதர்*

இறங்கும்போது விறகுக் கட்டோடு ஒரு பெரியவர் வந்தார். அறுபது தாண்டியவர். எங்களைப் பார்த்ததும், "எங்க தம்பி, மல ஏறவா வந்தீங்க?" என்றார். விமானம் விழுந்த இடத்தைப் பார்க்க வந்தோம் ஐயா என்றேன். கட்டை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"அப்ப எனக்குப் பதினாலு வயசு தம்பி. லயத்துல படுத்திருந்தோம். இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். வெளிய வந்து பாத்தா மலையில வெளிச்சம். விடியக்காலம எங்கப்பா, சித்தப்பா எல்லாரும் ஏறுனாங்க. நானும் பின்னாலயே போனேன். போயிருக்கக் கூடாது. இன்னக்கி வரைக்கும் மண்ணெண்ண வாட பட்டா எனக்குச் சோறு எறங்காது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "அந்த வருசம் எங்களுக்கே சாப்பாடு இல்ல தம்பி. மாவு இல்ல, அரிசி இல்ல. கெழங்கு தோண்டித் தின்ன வருசம். ஆனா அன்னக்கி யாரும் பெரட்டுக்குப் போறதப் பத்தி நெனைக்கல. சாக்கு, கம்பளி, என்ன இருந்திச்சோ அதக் கொண்டு போனாங்க."

உறவுகளே, 1973, 74 மலையகத்துக்கு எப்படிப்பட்ட காலம் என்பதை நம் இளையவர்கள் அறிய வேண்டும். தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்த காலம் அது. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, 1964 ஒப்பந்தத்தின்படி யார் இங்கே இருப்பது, யார் இந்தியாவுக்குக் கப்பலேறுவது என்று குடும்பம் குடும்பமாகப் பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம். அவர்களில் பலருக்கு எந்த நாடும் இல்லை, வயிற்றுக்கு உணவும் இல்லை. அப்படிப்பட்ட மனிதர்கள்தான், முன்பின் தெரியாத நாட்டிலிருந்து, வேறு மார்க்கத்திலிருந்து வந்த நம் சகோதரர்களின் உடல்களைத் தேடி அந்த மலையில் ஏறினார்கள்.

போகும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "நினைவுக் கல்லுப் பக்கமாப் போனா ஒரு பூ வச்சிட்டுத்தான் போவேன். யாரு பெத்த புள்ளைங்களோ. உங்க ஆளுங்கதானே தம்பி, நீங்க யாரும் வாறதில்லையே?"

குற்றம் சொல்லும் தொனியில் அவர் அதைக் கேட்கவில்லை. சும்மா கேட்டார். ஆனால் எங்கள் நால்வரில் ஒருவருக்கும் பதில் வரவில்லை.

*இன்னொரு டிசம்பர் வரும்*

இதோடு முடியவில்லை. நான்கு வருடத்துக்குப் பிறகு, 1978 நவம்பர் 15 அன்று, ஹஜ்ஜை முடித்துவிட்டு ஜித்தாவிலிருந்து சுரபாயாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஐஸ்லாந்து நிறுவனமொன்றின் டீசி-8 விமானம் கட்டுநாயக்கவுக்கு அருகில் தென்னந்தோட்டத்தில் விழுந்தது. அதில் 262 பேர் இருந்தார்கள். 180 க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதுவும் புதன்கிழமைதான். போனவர்கள் ஒரு தடவை, வந்தவர்கள் ஒரு தடவை. இரண்டு தடவையும் நம் மண்ணில். நம் பள்ளிவாசல் மிம்பரில் இந்த இரண்டு பெயரையும் நான் கேட்டதில்லை.

ஐம்பது ஆண்டு கடந்துவிட்டது. அன்று தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் இப்போது சுரபாயாவில் முதியவர்களாக இருப்பார்கள். தம் உம்மா எங்கே மண்ணோடு மண்ணாகிப்போனார் என்று ஒரு தடவை வந்து பார்க்கக்கூட வசதியில்லாதவர்கள் அவர்களில் எத்தனை பேரோ. நமக்கோ அது ஒருநாள் பயணம்.

நான் கந்தூரி கொடுக்கச் சொல்லவில்லை, கபுறு கட்டச் சொல்லவில்லை. யாரும் அப்படி விளங்கிக்கொள்ள வேண்டாம். நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று: நோர்ட்டன்பிரிட்ஜ், மஸ்கெலியா பக்கம் போனால், செல்பி எடுப்பதற்கு முன்னால் வாகனத்தை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். அந்த மலையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அங்கே இறந்தவர்களுக்காக ஒரு துஆ கேளுங்கள். அல்லாஹ்வுக்காக வீட்டைவிட்டுப் புறப்பட்டவர் வழியில் மரணித்தால் அவருடைய கூலி அல்லாஹ்விடம் என்பதை சூரா நிஸாவின் 100 ஆவது வசனத்தில் படித்திருக்கிறோம். அந்த வசனத்தை நினைத்துக்கொள்ள அதைவிடப் பொருத்தமான இடம் நம் நாட்டில் எனக்குத் தெரியாது.

இரண்டு: மலை ஏறுகிற இளைஞர்களே, ஏறுங்கள். உடம்புக்கும் நல்லது, மனதுக்கும் நல்லது. ஆனால் அது 191 பேர் உயிர் போன இடம் என்று தெரிந்துகொண்டு ஏறுங்கள். பாறையில் பெயர் எழுதாதீர்கள். பிளாஸ்ரிக் போத்தலைப் போட்டுவிட்டு வராதீர்கள். மண்ணில் ஏதாவது தகரத் துண்டு கண்டால் நினைவுப்பொருள் என்று வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். போகும்முன் தோட்டத்து ஆட்களிடம் கேட்டு, புகார் நேரத்தில் நிதானமாக, கூட்டமாகப் போங்கள்.

மூன்று: உங்கள் வீட்டில் அந்த இரவை நினைவு வைத்திருக்கும் வாப்பா, உம்மா, அப்பா, வாப்பும்மா யாராவது இருந்தால் அவர்கள் சொல்வதை உங்கள் போனில் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள். அந்தச் செய்தி நம்ம ஊருக்கு எப்படி வந்தது, பள்ளியில் என்ன சொன்னார்கள், யார் யார் அங்கே போனார்கள்? இதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அவர்களோடு போய்விடும். தமிழ், சிங்கள நண்பர்களின் வீட்டுப் பெரியவர்களிடமும் கேளுங்கள். எங்கள் பிள்ளைகள் இதை ஒரு செயற்திட்டமாக எழுதப்போகிறார்கள், இன்ஷா அல்லாஹ்.

பாடசாலை தொடங்கியதும் முதல் வேலையாக அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி, "மகன், அன்றைக்கு நீங்க கேட்ட கேள்விக்கு சேருக்குப் பதில் தெரியாம இருந்திச்சு. இப்போ சொல்றேன்" என்றேன். நாற்பது நிமிடப் பாடம் முழுவதும் இதுதான் ஓடியது. மணி அடித்த பிறகும் யாரும் எழும்பவில்லை. கடைசியில் அவன் கேட்டான்: "சேர், அப்போ அவங்களுக்கு ஹஜ் கிடைச்சிருக்குமா?"

கிடைத்திருக்கும் மகன் என்று நம்புகிறோம் என்றேன். நிய்யத்தைப் பார்ப்பவன் அல்லாஹ்.

யா அல்லாஹ், உன் வீட்டைத் தேடிப் புறப்பட்டு எங்கள் மலையில் தங்கிவிட்ட அந்த விருந்தாளிகளைப் பொருந்திக்கொள்வாயாக. அவர்களோடு இறந்த விமான ஊழியர்களின் குடும்பங்களுக்கும், அந்தக் காலையில் வெறும் வயிற்றோடு மலை ஏறிய தோட்டத்து மக்களுக்கும் அவர்களுடைய சந்ததிகளுக்கும் நலவை நாடுவாயாக. ஆமீன்.

பிழை ஏதும் இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். ஊர்க் குழுமங்களில் பகிர்ந்துகொள்ளுங்கள்.